தூண்டில் முள்ளும் சொக்சோ பாரமும்: பினாங்கு சைக்கிள் பாதையில் நான் பட்ட பாடு

சைக்கிள் பாதையில் விழுந்தால் தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கிளினிக், எக்ஸ்ரே, போலீஸ் ரிப்போர்ட், சொக்சோ (ஊழியர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), வேலையிடத்து எச்.ஆர் என்று அலைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். எனக்கு அது நடந்தபோது கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. வீட்டார் ஈப்போவில், நான் ஜெலுத்தோங்கில் ஒரு வாடகை அறையில். வலது கையில் கட்டோடு, இடது கட்டை விரலால் கைப்பேசியைத் தட்டித் தட்டி, அடுத்து என்ன செய்வது என்று நடுராத்திரியில் தேடிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் அப்படித் தேட வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். காலையிலும் மாலையிலும் எக்ஸ்பிரஸ்வே எப்படி இருக்கும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலை என்று பெயர் மாற்றி வெகுகாலம் ஆனாலும் ஜெலுத்தோங் பக்கத்துக்காரர்களுக்கு அது இன்னும் ஜெலுத்தோங் எக்ஸ்பிரஸ்வேதான். அதை ஒட்டிக் கடலோரமாகப் போகிற சைக்கிள் பாதையைக் கண்டுபிடித்த பிறகு நான் காரை விற்றே விட்டேன். மாதம் கார் தவணை மிச்சம், பார்க்கிங் சண்டை இல்லை, வீட்டுக்கு வந்து சேரும்போது தலைவலியும் இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவருக்கும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கும் விழுந்த பிறகு கிடைக்கிற பாதுகாப்பு ஒன்றல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆட்கள். அந்தப் பாதை சைக்கிளுக்கு மட்டும் என்று நினைத்துப் போகிறவர் முதல் வாரத்திலேயே நொந்துபோவார். காலையில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாய் கூட்டி வருபவர்கள், குயின்ஸ்பே பக்கம் பாய் விரித்து நாசி லெமாக் சாப்பிடுகிற குடும்பம், ஜெரேஜாக் தீவும் பாலமும் ஒரே படத்தில் வரவேண்டும் என்று பாதைக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து படம் எடுக்கிற காதல் ஜோடி, எல்லாரும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர் பின்பக்கமாக நடக்கிற ஒரு சீனப் பெரியவர். முட்டிக்கு நல்லதாம். நான் போகிற திசையிலேயே அவரும் போனால் முகம் என்னைப் பார்த்திருக்கும், தூரத்திலேயே கையைத் தூக்கி வழிவிடுவார். எதிர்த்திசையில் வந்தால்தான் ஆபத்து: முதுகு காட்டி, கையைத் தட்டிக்கொண்டே, நேராக என் சக்கரத்தை நோக்கி வருவார். அவருக்கு மணி அடித்துப் பயனில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதுதான் வழி. ஒரு நிமிடம் போகும், போகட்டும்.

மணி பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆளை நெருங்கிய பிறகு மணி அடிப்பது, அடிக்காமலே இருப்பதைவிட மோசம். திடீர்ச் சத்தம் கேட்டவர் எந்தப் பக்கம் குதிப்பார் என்று அவருக்கே தெரியாது. மூன்று பேர் கைகோத்து நடந்தால் இருவர் இடது பக்கமும் ஒருவர் வலது பக்கமும் ஒதுங்கி, அந்த ஒருவர் மனம் மாறி மறுபடி நடுவில் ஓடி வருவார். நான் இருபது மீட்டருக்கு முன்பே ஒருமுறை அடிப்பேன். தலை திரும்புகிறதா என்று பார்ப்பேன். திரும்பவில்லை என்றால் காதில் இயர்போன் இருக்கிறது என்று பொருள், வேகத்தை நடை அளவுக்குக் குறைத்துவிடுவேன். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏழு மீட்டர் போய்விடுகிறோம். 15-இல் நான்கு மீட்டர்தான். ஆள் இருக்கிற இடத்தில் 15-க்கு மேல் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது. கூப்பிட வேண்டியிருந்தால் 'தெப்பி, தெப்பி' என்று கத்தாதீர்கள், ஒதுங்கு ஒதுங்கு என்று அதட்டுவதாகத்தான் கேட்பவருக்குப் படும். 'எக்ஸ்கியூஸ் மீ அங்கிள்', 'பாங், லாலு செக்கெஜாப்' (அண்ணே, கொஞ்சம் கடந்துபோகிறேன்) என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். கடந்த பிறகு நன்றி என்று ஒரு 'தெரிமா காசே'யும் போடுங்கள். நாளைக்கும் அதே ஆள் அங்கேதான் இருப்பார்.

நாய் கூட்டி வருபவர்களில் நீளும் கயிறு வைத்திருப்பவரைக் கண்டால் நின்றுவிடுங்கள். ஆள் புல்லில், நாய் கடல் ஓரத்தில், நடுவே மெல்லிய கயிறு குறுக்கே. மாலை வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

மோட்டார்காரர்கள் வேறு ரகம். நெரிசலைத் தவிர்க்கக் குறுக்கே புகுந்து, ஹாரன் அடித்து நம்மையே ஒதுங்கச் சொல்வார்கள். அவர்களோடு வாதாடி நியாயம் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒருவரும் வென்றதில்லை. நான் ஓரம் கட்டி நின்றுவிடுவேன். முடிந்தால் நம்பர் பிளேட்டை மனத்தில் வைத்துக்கொள்வேன். மின் ஸ்கூட்டர்களும் இப்போது அதிகம். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த வகை வண்டிகளைச் சாலையில் ஓட்டத் தடை, அதனால் வைத்திருப்பவர்கள் இங்கே வந்துவிடுகிறார்கள். சத்தம் இல்லாமல் பின்னால் வந்து முழங்கையை உரசிக்கொண்டு போகும்போதுதான் வந்ததே தெரியும். ஒரு சின்னக் கண்ணாடியைக் கைப்பிடி முனையில் மாட்டினேன், முப்பது வெள்ளிக்குள்தான் (ரிங்கிட்). சைக்கிளுக்கு நான் வாங்கிய பொருள்களிலேயே உருப்படியானது அது.

சனிக்கிழமை மாலையானால் லாஜாக் பையன்கள். பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி, சீட்டில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு கூட்டமாக வருவார்கள். 2017-இல் ஜொகூர் பாருவில் எட்டுப் பிள்ளைகள் இதேபோன்ற சைக்கிள்களோடு காரில் அடிபட்டு இறந்த செய்தியை நாடே பேசியது. இங்கே கார் இல்லை என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள் போலும். பிரேக் இல்லாத வண்டிக்கு எதிரில் நாமும் ஒரு கார்தான். தலையைத் தூக்கிப் பார்க்கவே அவர்களுக்கு முடியாது. முதல் பையன் கண்ணில் பட்டதுமே பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நின்று கூட்டம் முழுவதும் போகும்வரை காத்திருங்கள், கடைசியில் எப்போதும் ஒருவன் தனியாக, மற்றவர்களைப் பிடிக்க இன்னும் வேகமாக வருவான்.

இறுக்கமான உடையில் விலையுயர்ந்த சைக்கிளில் ஞாயிறு காலை வரும் நம் சைக்கிள்காரர் கூட்டத்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பத்துப் பேர் ஒட்டிக்கொண்டு நாற்பதில் பறந்து, 'ரைட்! ரைட்!' என்று கத்திப் பாட்டிகளைப் பயமுறுத்துகிற இவர்களால்தான் மறுநாள் சாதாரணமாக ஓட்டுகிற நம்மைக் கண்டாலும் எல்லாரும் முறைக்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பாதையில் அதிக நேரம் நிற்கிறவர்கள் மீன் பிடிப்பவர்கள்தான். பாலத்தை நெருங்கும் பகுதியில் மாலை ஐந்துக்கு மேல் கம்பித் தடுப்பு ஓரமாக வரிசையாக நிற்பார்கள். அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: பாலம் 1985-இல் திறந்த காலத்திலிருந்து இங்கே தூண்டில் போடுகிறேன், சைக்கிள் பாதை அப்புறம்தானே வந்தது என்று. அவர் சொல்வதிலும் ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்கிறது.

அன்று வேலை முடிந்து வடக்கு நோக்கி வருகிறேன். கடல் எனக்கு வலது பக்கம். இடது ஓரத்தில், மெதுவாகத்தான் வந்தேன், முன்னால் ஒரு குடும்பம் குழந்தை வண்டியோடு போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் நின்ற ஒருவர் தூண்டில் கோலைப் பின்னால் கொண்டுபோய் வீசினார். கடலோரத்தில் பயன்படுத்துகிற கோல் ஏறக்குறைய மூன்று மீட்டர் இருக்கும். முனையில் தொங்கும் நூலும் ஈயக் குண்டும் சேர்ந்தால் பாதையின் மறு ஓரம் வரை வந்துவிடும். வலது கையின் மேற்பகுதியில் யாரோ நறுக்கென்று கிள்ளிய மாதிரி இருந்தது. அடுத்த நொடி அவர் முழு பலத்தோடு கடல் பக்கம் வீச, என் கையும் கூடவே போனது. வலது உள்ளங்கையை ஊன்றித் தரையில் விழுந்தேன். சைக்கிள் என் காலின்மேல். ஹெல்மெட் கம்பியில் இடித்த சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

அவர் நம்மவர்தான், அறுபது வயது இருக்கும். ஓடிவந்தார். "பாக்கலம்மா, சத்தியமா பாக்கல" என்றார். முகம் வெளிறிவிட்டது. அதுவரை சரி. நான் இடது கையால் நூலைப் பிடித்துக்கொண்டு, யாரிடமாவது கத்தி இருக்கிறதா என்று கேட்டதும், "லைன அறுக்காதம்மா, புது லைன்" என்றார்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்து, "இரு, நான் கழட்டி விடறேன், எத்தன மீனுக்குக் கழட்டியிருக்கேன்" என்று ஆரம்பித்தார். "அங்கிள், நான் மீன் இல்ல, விடுங்க" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்கார இளைஞர் எதுவும் பேசாமல் வந்து நூலை நறுக்கிவிட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

இதைக் கவனமாகப் படியுங்கள். தூண்டில் முள் சதையில் ஏறினால் இழுக்கக் கூடாது. முனைக்குப் பின்னால் எதிர்த்திசையைப் பார்த்தபடி ஒரு குட்டி முள் இருக்கும், அது உள்ளே போகும், வந்த வழியில் திரும்பாது. இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். நூலை வெட்டுங்கள், ஈயத்தை எடுத்துவிடுங்கள், முள்ளை இருக்கிற இடத்திலேயே அசையாமல் துணி வைத்து லேசாக மூடிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். கண்ணுக்கு அருகில் என்றால் கிளினிக் வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. நான் போன கிளினிக்கில் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளைத் திரும்பி வரவிடாமல் முன்னால் தள்ளித் தோலுக்கு வெளியே நுனியை எடுத்து, அந்தக் குட்டி முள்ளை இடுக்கியால் கத்தரித்துவிட்டு மிச்சத்தைப் பின்னால் உருவினார். கத்தரிக்கும்போது கேட்ட 'டிக்' சத்தத்தோடு எனக்கிருந்த பாதிப் பயம் போய்விட்டது. கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்று கேட்பார்கள். அழுக்குக் காயத்துக்கு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். கடல் தண்ணீர் பட்ட முள், இறால் குத்திய முள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். கடல் நீரில் இருக்கும் சில கிருமிகளுக்கு வேறு மருந்து தேவைப்படும், நீரிழிவு உள்ளவர்களுக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை.

முள்ளின் களேபரத்தில் மணிக்கட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்குதான் என்று வலி மாத்திரையும் மூன்று நாள் எம்.சி-யும் (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தார்கள். எனக்கோ கட்டை விரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழுமே, அந்த இடத்தைத் தொட்டாலே உயிர் போனது. வீக்கம் வடிந்த பிறகும் சாவியைத் திருப்ப முடியவில்லை. வேலையிடத்தில் ஒரு பிலிப்பினோ அக்கா, முன்பு தாதியாக இருந்தவர், கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது சுளுக்கு இல்லை, இன்னொரு எக்ஸ்ரே எடு என்று ஒரே பிடியாக நின்றார். எடுத்தேன். ஸ்கேஃபாய்ட் என்கிற சின்ன எலும்பில் விரிசல். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு இது அடிக்கடி வருமாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாதாம், பத்துப் பதினான்கு நாள் கழித்து எடுத்தால்தான் தெரியுமாம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போகக்கூடும். ஆகவே அந்தக் குழியில் வலி இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், அசையாமல் கட்டுப் போட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அரசாங்க மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்கு நமக்கு ஒரு வெள்ளிதான், எலும்புப் பிரிவில் தொடர்ந்து பார்க்க ஐந்து வெள்ளி. காத்திருப்புதான் அதிகம், புத்தகமும் பவர் பேங்கும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதலிலேயே அங்கே போயிருந்தாலும் அன்றைய எக்ஸ்ரே அதையேதான் காட்டியிருக்கும், அதனால் அந்தக் கிளினிக்கின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பில்லின் மேல் உண்டு.

இனிப் பணம். வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதோ நடக்கிற விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. காரோ மோட்டாரோ சைக்கிளோ, எதில் போனாலும் உண்டு. இது எங்கள் எச்.ஆர் பெண்ணுக்கே சந்தேகமாக இருந்தது, "சைக்கிளுக்கெல்லாம் கிடைக்குமாடி?" என்று கேட்டாள். ஆனால் நிபந்தனை இருக்கிறது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே வழக்கமான வழியில் இருக்கவேண்டும். நடுவில் சொந்த வேலையாக வழிமாறிப் போயிருந்தால் பிரச்சினை. குயின்ஸ்பே பேரங்காடியில் நுழைந்து படம் பார்த்துவிட்டு வரும்போது விழுந்தால் அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் தனியாக விபத்துக் காப்புறுதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலாளியிடம் உடனே சொல்லிவிடுங்கள், அதுவும் எழுத்தில். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர்கள் சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும். நான் கிளினிக் நாற்காலியில் இருந்தபடியே சூப்பர்வைசருக்கும் எச்.ஆருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன், பிற்பாடு அந்த ஒரு செய்திதான் காப்பாற்றியது. 34-ஆம் எண் பாரம் (படிவம்), எம்.சி நகல்கள், அன்றைய பஞ்ச் கார்டு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியின் வரைபடம், போலீஸ் ரிப்போர்ட், இவையெல்லாம் கேட்டார்கள். வரைபடத்தை இடது கையால் வரைந்தேன், பாலர் பள்ளிப் பிள்ளை வரைந்ததைப்போல் இருந்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். எம்.சி விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் இருந்தால்தான் தற்காலிக ஊனப்படி கிடைக்கும், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. என் முதல் எம்.சி-யோ மூன்றே நாள்! இரண்டாவது எக்ஸ்ரேக்குப் பிறகு கிடைத்த நீண்ட எம்.சி-தான் கணக்கில் வந்தது. சிகிச்சையைச் சொக்சோ பேனல் கிளினிக்கிலோ அரசாங்க மருத்துவமனையிலோ எடுத்தால் கையிலிருந்து கொடுக்கவேண்டியதில்லை. கிளினிக் வாசலில் சொக்சோ போர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள்.

போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கப் போனது தனிக் கூத்து. பாரத்தில் எதிர்த்தரப்பு வாகனம் என்று ஒரு கட்டம் இருந்தது. தூண்டில் என்றேன். அந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டுப் பொறுமையாகவே எழுதினார். மோட்டாரோ காரோ சம்பந்தப்பட்டிருந்தால் ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்யவேண்டும் என்பது சட்டம். வண்டியே இல்லாவிட்டாலும் நாம் போய் எழுதி வைப்பதுதான் நல்லது. இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துச் சேமித்து, பாதை, கம்பி, தூண்டில், நம் காயம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். நம்மால் முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கைப்பேசியைக் கொடுங்கள், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் எப்படியும் படம் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள், நம்முடைய கைப்பேசியிலேயே எடுக்கட்டும்.

சைக்கிள் சேதத்துக்குச் சொக்சோ ஒரு சென் தராது. முன் சக்கரம் கோணிவிட்டது, வலது பிரேக் லீவர் உடைந்தது, ஹெல்மெட் புதிது வாங்கவேண்டியதாயிற்று. வெளியில் கீறல்தான் தெரிந்தாலும் ஒருமுறை பலமாக இடித்த ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது, உள்ளே இருக்கிற நுரை நசுங்கிப் போயிருக்கும். இதெல்லாம் 600 வெள்ளிக்கு மேல். முதல் கிளினிக் 240. கட்டோடு இருந்த காலம் முழுவதும் கிராப் வாடகைக் காரில் போய் வந்த செலவு அதைவிடப் பெரிது, ஓவர்டைம் போனது எல்லாவற்றையும்விடப் பெரிது. கூட்டிப் பார்த்தால் சொக்சோ கொடுத்தது போக என் கையை விட்டுப் போனது மூவாயிரத்தை நெருங்கும்.

அந்த அங்கிளிடம் கேட்டேனா என்றால், கேட்டேன். பெயரும் எண்ணும் அன்றே வாங்கியிருந்தேன். எண் சரியா என்று அங்கேயே ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் பையில் மணி அடிப்பது கேட்கவேண்டும். முதலில் எடுக்கவே இல்லை. பிறகு அவர் மகள் பேசினாள். சைக்கிள் ரிப்பேருக்குப் பாதி, இரண்டு தவணையில், என்று முடிவானது. முதல் தவணை வந்தது. இரண்டாவது இன்னும் வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், 198-ஆம் எண் பாரம். படித்துப் பார்த்தேன். பெட்ரோல் ஸ்டேஷனில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற ஒருவரை அதற்காக நீதிமன்றத்துக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. மோட்டார்காரர் இடித்துவிட்டு ஓடியிருந்தால் கட்டாயம் போட்டிருப்பேன்.

மறுபடி ஓட்டத் தொடங்கியதும் மீன் பிடிப்பவர்களைத்தான் நன்றாகப் படித்தேன். கோல் கம்பியில் சாய்ந்து நின்று, ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பயமில்லை. குனிந்து இறால் குத்திக்கொண்டிருந்தால் அடுத்த அரை நிமிடத்தில் வீசப்போகிறார். ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, ஆள்காட்டி விரலில் நூலைப் பிடித்து, பின்னங்காலில் எடையைப் போட்டுவிட்டார் என்றால் அப்படியே நிறுத்திவிடவேண்டும். அந்த நேரத்தில் மணி அடித்தால் கோலோடு திரும்புவார், அது இன்னும் மோசம். வீசி முடித்து, ஈயம் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்ட பிறகு கடந்து போங்கள். ஏழு மணிக்கு மேல் இருட்டத் தொடங்கியதும் நூல் அறவே தெரியாது, அப்போது அந்த இடத்தை மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.

பெண்களுக்கு மட்டும் இன்னொன்று. கூடவே ஓட்டிவந்து பேச்சுக் கொடுக்கிற ஆண்கள். எங்கே வேலை, தனியாகவா இருக்கிறாய், தினமும் இந்த நேரம்தானா என்று ஆரம்பிப்பார்கள். கையில் கட்டு அவிழ்த்த புதிதில், வேகமாக ஓட்ட முடியாத நேரத்தில், ஒருவர் குயின்ஸ்பேயிலிருந்து குளுகோர் வரை விடவில்லை. பாதையை விட்டு வெளியேறும் இடத்தில் நேராக அறைக்குப் போகாமல், கூட்டமான ஒரு நாசி கண்டார் கடையில் நிறுத்தி, தே ஓ வாங்கி உட்கார்ந்து, தோழியை அழைத்து உரக்கப் பேசினேன். அவர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். மறுநாள் நேரத்தை மாற்றினேன். சைக்கிள் ஓட்டிய வழியைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா போன்ற செயலி வைத்திருந்தால் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கிற வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நம் வீட்டு வாசலை நாமே வரைபடத்தில் காட்டிக்கொண்டிருப்போம்.

ஒரு சின்ன விஷயம் மிச்சம். கிளினிக் ரசீது, கிராப் ரசீது, சைக்கிள் கடை ரசீது எல்லாவற்றையும் வாங்கிய அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான அந்தத் தாளில் எழுத்து நிற்காது. அந்த அங்கிளின் மகளிடம் கணக்குக் காட்ட நான் எடுத்துப்போன கிளினிக் ரசீதில் தேதி மட்டும்தான் மங்கலாகத் தெரிந்தது, 240 வெள்ளியை என் வாய்ச் சொல்லை நம்பித்தான் அவள் எழுதிக்கொண்டாள்.